பொலேரோ வகை வண்டிகளுக்கு எல்இடி ஹெட்லைட்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பொலேரோ, பிக்கப் போன்ற வண்டிகளின் ஹெட்லைட்டில் பெரும்பாலும் இருப்பது எச்4 என்ற வகை ஹாலஜன் பல்பு. ஒரே பல்புக்குள் டிம்முக்கு 55 வாட் இழை ஒன்றும் பிரைட்டுக்கு 60 வாட் இழை ஒன்றும் இருக்கும். பின்புறம் மூன்று தகட்டு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பல்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எல்இடி பல்பைப் பொருத்துவது அரை மணி நேர வேலைதான். ஆனால் பொருத்திய பிறகு ஒரு பக்கம் எரியாமல் போவது, மினுக்குவது, எதிரே வருபவர்களின் கண் கூசுவது, பத்து நிமிடத்தில் வெளிச்சம் மங்குவது என்று வரும் தொல்லைகளுக்குப் பல்பை மட்டுமே குற்றம் சொல்லி, ஒன்றை மாற்றி இன்னொன்று வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் பலர். பல நேரங்களில் குறை வண்டியின் ஒயரிங்கிலோ எர்த்திலோ (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) பல்பு உட்கார்ந்திருக்கும் கோணத்திலோ இருக்கிறது. ஆகவே இந்த வழிமுறையில் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிச் செல்கிறோம். தேவைப்படும் கருவிகள் ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு திருப்புளி, ஒரு கம்பி பிரஷ், சுவரில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் டேப் ஆகியவை. சில அறிகுறிகளுக்கு மட்டும் ஊசிமூக்குக் குறடும், ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் வேண்டும்.

எல்இடி வாங்கும் முன்பே: ஹாலஜனே மங்கலாக எரிகிறது

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்இடி தேவை என்று நினைக்கும் வண்டிகளில் பலவற்றுக்கு உண்மையில் தேவைப்படுவது ஒயரிங் சீரமைப்புதான்.

ஹாலஜன் இழையின் வெளிச்சம் வோல்ட்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. அதைவிட மிக வேகமாகக் குறைகிறது. வோல்ட்டேஜின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப வெளிச்சம் மாறும் என்பது விளக்குத் துறையில் நெடுநாளாகப் பயன்படும் கணக்கு. பேட்டரியில் 14 வோல்ட் இருக்கும்போது ஒயரிலும் சுவிட்சிலும் எர்த்திலும் 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்து, பல்புக்கு 12.6 வோல்ட் மட்டும் சென்றால், வோல்ட்டேஜ் இழப்பு 10 சதவீதம்தான். வெளிச்ச இழப்போ ஏறத்தாழ 30 சதவீதம்.

இதை அளப்பது எளிது. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை டிம்மில் எரியவிட்டு, முதலில் பேட்டரி முனைகளில் வோல்ட்டேஜைப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் கருவி) சரியாக இருக்கிறது. பிறகு பல்பின் பின்னால் இருக்கும் கப்ளரைச் சிறிது பின்னுக்கு இழுத்து, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, டிம் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே அளவிடுங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே அரை வோல்ட்டுக்குள் வேறுபாடு இருந்தால் ஒயரிங்கில் குறையில்லை. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் எல்இடி வாங்கும் பணத்தை முதலில் ரிலேயில் (சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) செலவிடலாம்.

இழப்பு எந்தப் பக்கம் என்பதையும் மீட்டரே சொல்லும். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையைக் கப்ளரின் எர்த் முனையிலும் வையுங்கள். விளக்கு எரியும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் குறை இருக்கிறது. ஹெட்லைட் எர்த் ஒயர் பாடியில் முறுக்கப்பட்டிருக்கும் போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்ட்டும் துருவும் போகும் வரை கம்பி பிரஷால் தேய்த்து, மீண்டும் இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். செம்மண் சாலையில் ஓடும் வண்டிகளில் இந்த ஒரு போல்ட்டைச் சுத்தம் செய்ததாலேயே விளக்கின் நிறம் மஞ்சளிலிருந்து வெண்மைக்கு மாறுவதைக் கண்ணாலேயே காணலாம்.

இழப்பு பாசிட்டிவ் பக்கத்தில் இருந்தால், மின்சாரம் முழுவதும் ஸ்டீயரிங் அருகிலுள்ள சுவிட்ச் வழியாகவே சுற்றி வருகிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே இல்லாத பழைய வண்டிகளில் இரண்டு பல்புகளின் 10 ஆம்பியரும் அந்தச் சின்ன சுவிட்சின் தொடுமுனைகள் வழியாகத்தான் செல்கிறது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை ரிலேயின் 30ஆம் முனைக்கும், 87ஆம் முனையிலிருந்து அதே தடிமன் ஒயரைப் பல்புகளுக்கும் கொண்டுசென்றால், பழைய ஒயர் ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் செய்யும். ரிலே சுருளின் இன்னொரு முனை எர்த்துக்குப் போகும். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயர் எங்காவது தகட்டில் உரசி வெட்டுப்பட்டால் வண்டியே தீப்பிடிக்கும்.

ஹாலஜனிலேயே அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்இடி பல்பு 2 ஆம்பியர் அளவே இழுப்பதால், எர்த் மோசமாக இருந்தாலும் வோல்ட்டேஜ் இழப்பு சிறிதாகவே தெரியும். குறை மறைந்துகொண்டு, பின்னால் மினுக்கலாக வெளிப்படும்.

மேலும், கண்ணாடி மஞ்சளித்துப் போயிருந்தால் பாலிஷ் செய்யுங்கள். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கறுத்தோ உரிந்தோ இருந்தால், எந்தப் பல்பும் பயன் தராது. விளக்கையே மாற்ற வேண்டும். முன்பு 100/90 வாட் பல்பு போட்டு ஓட்டிய வண்டிகளில் இந்தக் கறுப்பும், உருகிய கப்ளரும் சேர்ந்தே காணப்படும். உருகிய கப்ளரின் மேல் எல்இடியைச் செருகுவதற்கு முன் அந்தக் கப்ளரை வெட்டி எறிந்துவிட்டுச் செராமிக் ஹோல்டர் போடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை

முதலில் இடது பல்பையும் வலது பல்பையும் இடம் மாற்றிப் பாருங்கள். குறை பல்போடு சேர்ந்து அடுத்த பக்கம் சென்றால் பல்பில் பழுது. அதே பக்கத்தில் நின்றால் கப்ளரிலோ ஒயரிலோ பழுது. பல்பில் பழுது என்றால் உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை. பிரித்துப் பழுது பார்ப்பதில் பயன் இல்லை.

குறை கப்ளர் பக்கம் நின்றால், அந்தப் பக்கத்து எச்4 கப்ளரில் ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஹாலஜன் இழைக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் வேறுபாடு கிடையாது. எந்தத் திசையில் மின்சாரம் வந்தாலும் எரியும். ஆகவே என்றோ ஒரு நாள் கப்ளர் மாற்றிய எலக்ட்ரீஷியன் எர்த் ஒயரையும் டிம் ஒயரையும் மாற்றிச் சொருகியிருந்தாலும், ஹாலஜன் ஏதோ ஒரு விதத்தில் எரிந்துகொண்டே இருந்திருக்கும். எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் டிரைவர் என்ற சர்க்யூட்டுக்குத் திசை முக்கியம் என்பதால் அது எரியாது. கப்ளரைப் பல்பிலிருந்து கழற்றி, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, டிம் போடும்போது எந்தத் துளையில் 12 வோல்ட் வருகிறது, பிரைட் போடும்போது எந்தத் துளையில் வருகிறது, எதில் எப்போதும் வருவதில்லை என்று இரண்டு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வேறுபட்டால், சரியாக எரியும் பக்கத்தைப் பார்த்து மற்றதை மாற்றுங்கள்.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தும் எரியவில்லை என்றால், கப்ளருக்குள் இருக்கும் பித்தளைக் கவ்விகளைப் பாருங்கள். பல ஆண்டு வெப்பத்தில் அவை விரிந்து, எல்இடியின் மெல்லிய தகடுகளைப் பிடிக்காமல் விடும். ஊசிமூக்குக் குறடால் மெதுவாக நெருக்கிவிட்டால் போதும்.

டிம் எரிகிறது, பிரைட் இல்லை. அல்லது டேஷ்போர்டு மீட்டரில் நீல விளக்கு மட்டும் தவறாகக் காட்டுகிறது

மேலே சொன்ன சோதனையில் ஒரு துளையில் மட்டும் டிம்மிலும் பிரைட்டிலும் மாறாமல் 12 வோல்ட் இருந்தால், அந்த வண்டியின் சுவிட்ச் பாசிட்டிவை அல்ல, எர்த்தைத் துண்டிக்கிறது. சில ஜப்பானிய வடிவமைப்புகளில் இந்த முறை உண்டு. அத்தகைய வண்டியில் பொதுவான எல்இடி பல்பு தவறாக எரியும், அல்லது எரியவே எரியாது. டேஷ்போர்டு மீட்டரில் பிரைட்டைக் காட்டும் நீல விளக்குக்கான மின்சாரமும் ஹாலஜன் இழை வழியாகச் சுற்றிச் செல்லும்படி அமைந்திருக்கும் என்பதால், இழையை எடுத்துவிட்டதும் நீல விளக்கு அணைந்துபோகலாம் அல்லது எப்போதும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கலாம். இதற்கெனத் திசை மாற்றித் தரும் இணைப்பு ஒயர்கள் விற்கின்றன. அதைவிட உறுதியான வழி, ரிலே வைத்து விளக்குப் பக்கத்தைச் சாதாரண எர்த் முறைக்கு மாற்றிவிடுவது.

பிரைட்டில் டிம்மும் சேர்ந்தே எரியும்படி ஒயரிங்கை யாராவது முன்பு மாற்றியிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். பல எச்4 எல்இடிகளின் டிரைவர் ஒரே நேரத்தில் டிம், பிரைட் என ஒளி தரும் இரண்டு வரிசைச் சிப்புகளையும் தாங்கும்படி செய்யப்படுவதில்லை.

மினுக்குகிறது

எப்போது மினுக்குகிறது என்பதைக் கவனித்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

குழியில் இறங்கும்போது மட்டும் மினுக்கினால், இணைப்பு எங்கோ தளர்வாக இருக்கிறது. வண்டியை நிறுத்தி, விளக்கை எரியவிட்டு, கப்ளரையும் எர்த் ஒயரையும் டிரைவர் பெட்டியின் ஒயரையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். டிரைவர் பெட்டியைத் தொங்கவிடாமல் கேபிள் டையால் கட்டிவையுங்கள். லீஃப் ஸ்பிரிங் வண்டியின் அதிர்வில், தொங்கும் பெட்டி தன் ஒயரைத் தானே அறுத்துக்கொள்ளும்.

ஹார்ன் அடிக்கும்போதோ, ஃபேன் போடும்போதோ, இண்டிகேட்டரின் தாளத்திலோ மினுக்கினால், எர்த் பகிரப்படுகிறது. விளக்குக்குத் தனி எர்த் ஒயரைப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுசெல்லுங்கள்.

வண்டி நின்றாலும் ஓடினாலும் ஒரே சீராக, வேகமாகத் துடித்தால், வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி விளக்குக்குத் துண்டுதுண்டாக மின்சாரம் அனுப்புகிறது என்று பொருள். புதிய வண்டிகளில் இது உண்டு. ஹாலஜன் இழை சூடாகவே இருப்பதால் அந்தத் துடிப்பு கண்ணுக்குத் தெரியாது. எல்இடி உடனுக்குடன் அணைந்து எரிவதால் தெரிகிறது. கேன் பஸ் டிகோடர் என்று கடைகளில் கேட்டால், மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சமன் செய்யும் கெப்பாசிட்டர் கொண்ட சிறு பெட்டி ஒன்றைத் தருவார்கள். ரிலே முறையில் இதைத் தீர்க்க நினைத்தால், துடிப்பான மின்சாரம் ரிலேயையே படபடக்க வைக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எதிரே வருபவர்கள் எல்லோரும் லைட் அடித்துக் காட்டுகிறார்கள்

டிம்மில் ஓட்டும்போதும் எதிரே வருபவர்கள் பிரைட் அடித்து எச்சரித்தால், அவர்கள் உங்களைத் திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அறிகுறியைக் கடைசி வரை துரத்திச் சரிசெய்ய வேண்டும். நம் பார்வைக்காக எதிரே இருசக்கர வாகனத்தில் குழந்தையோடு வருபவரின் பார்வையைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. சட்டமும் இதையே கேட்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவரைக் கூசச் செய்யாத அளவுக்கு ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் அல்லது ஓட்டுநர் அதைத் தாழ்த்த இயல வேண்டும் என்கிறது.

கூச்சம் எப்படி உண்டாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் சரிசெய்வது எளிது. எச்4 ஹாலஜனில் டிம் இழைக்கு அடியில் கிண்ணம் போன்ற ஒரு சிறு உலோக மறைப்பு இருக்கிறது. அது இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் தடுக்கிறது. மேல்பாதியில் பட்ட ஒளி மட்டும் திரும்பிச் சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. அதனால்தான் சுவரில் டிம் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டும் கீழே வெளிச்சமுமாக ஒரு கோடு விழுகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், சாலையோரத்தைக் காட்ட அந்தக் கோடு இடதுபக்கம் சற்று மேலேறும். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தைக் கணக்கில் வைத்தே வார்க்கப்பட்டது. எல்இடி பல்பின் சிப் அந்த இடத்திலிருந்து சிறிது முன்னால், பின்னால், மேலே, கீழே நகர்ந்திருந்தாலும், அல்லது இரண்டு பக்கச் சிப்புகளுக்கும் இடையிலுள்ள தகடு தடிமனாக இருந்தாலும், ஒளி கோட்டைத் தாண்டி மேலே சிதறும். ஆகவே பல்பு வாங்கும்போதே இரண்டைக் கவனியுங்கள்: டிம் சிப்புகளுக்கு அடியில் கிண்ண மறைப்பு இருக்க வேண்டும், தகடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. பழைய ஹாலஜனையும் புதிய எல்இடியையும் அருகருகே பிடித்து, காலரிலிருந்து (பல்பு விளக்கில் அமரும் வட்டத் தகடு) இழை வரையும் சிப் வரையும் உள்ள தூரம் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். பெட்டியின் மேல் அச்சிட்ட லுமென் (ஒளியின் அளவு) எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம். எச்4 ஹாலஜனின் அதிகாரபூர்வ அளவே டிம்முக்கு 1,000, பிரைட்டுக்கு 1,650 லுமென்தான். வாட்டுக்கு 100 லுமென் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், 20,000 லுமென் வேண்டுமானால் 200 வாட் செலவாக வேண்டும். 2 ஆம்பியர் இழுக்கும் பல்பு 28 வாட்தான் எடுக்கிறது.

இனிச் சுவர்ச் சோதனை. சமதளத்தில், டயர்களில் சரியான காற்றோடு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்க, வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நேராக நிறுத்துங்கள். எல்இடி போடும் முன் ஹாலஜனோடு செய்ய வேண்டியது இது. விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு டேப் கோடு ஒட்டுங்கள். அதற்குக் கீழே 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் டிம் கோட்டின் தட்டையான வலப்பகுதி விழ வேண்டும். ஒரு விளக்கின் கப்ளரைக் கழற்றிவிட்டு, மற்றதைத் தனியே பாருங்கள். இரண்டும் எரிந்தால் எது எந்தக் கோடு என்று தெரியாது. ஹாலஜன் கோடு விழும் இடத்தையும் டேப்பால் குறியுங்கள். 10 மீட்டர் இடம் இல்லையென்றால் 7.5 மீட்டரிலும் செய்யலாம். அப்போது இறக்கம் 7.5 முதல் 11 சென்டிமீட்டர்.

இப்போது விளக்கின் திருகுகள் எதையும் தொடாமல் எல்இடியைப் பொருத்துங்கள். கோடு அதே டேப்பில் விழுந்தால் வேலை முடிந்தது. கோடே இல்லாமல் வெளிச்சம் குவியலாக மேலும் கீழும் படர்ந்தால், பல்பு சுழன்று உட்கார்ந்திருக்கிறது. முன்னாலிருந்து பார்க்கும்போது சிப்புகள் இடதும் வலதுமாக, கடிகாரத்தின் 9 மணி, 3 மணித் திசைகளில் இருக்க வேண்டும்; டிம் கிண்ணம் அடியில் இருக்க வேண்டும். எச்4 காலரின் மூன்று காதுகள் ஒரே ஒரு நிலையில்தான் விளக்கில் அமரும். பல்பின் உடல் அந்தக் காலருக்குள் தனியே சுழலும்படி பெரும்பாலான எல்இடிகளில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, சிறிது சிறிதாகச் சுழற்றி, சுவரில் கோடு மிகக் கூர்மையாகத் தெரியும் நிலையில் இறுக்குங்கள். இரண்டு மூன்று டிகிரி மாறினாலே கோடு கலங்குவதைச் சுவரில் கண்கூடாகப் பார்க்கலாம். அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது.

கோடு கூர்மையாகவே இருந்து, உயரம் மட்டும் மாறியிருந்தால்தான் விளக்கின் திருகைத் தொட வேண்டும். குவியலாகச் சிதறும் ஒளியைத் திருகால் கீழே இறக்கி மறைக்க முயன்றால், சாலையில் தூரம் பறிபோகும். சிதறல் அப்படியே இருக்கும்.

சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. பொலேரோவின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 2,680 மில்லிமீட்டர். பாரத்தால் பின்புறம் 5 சென்டிமீட்டர் மட்டும் அமுங்கினாலும், 10 மீட்டர் தொலைவில் ஒளிக்கோடு ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் மேலேறும். அதாவது நாம் கவனமாக வைத்த 10 முதல் 15 சென்டிமீட்டர் இறக்கம் முழுவதும் கரைந்து, விளக்கு மேல்நோக்கிப் பார்க்கும். ஹாலஜனிலும் இதே கோணம்தான். எல்இடியின் வெளிச்சம் கூடுதலாக இருப்பதால் எதிரே வருபவருக்கு அது தாங்க முடியாததாகிறது. டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட உயரம் சரிசெய்யும் குமிழ் இருந்தால், பாரம் ஏற்றும்போதெல்லாம் அதைப் பயன்படுத்துங்கள். குமிழ் இல்லாத வண்டி பெரும்பாலும் பாரத்தோடே ஓடுமானால், பாரத்தோடே சுவர்ச் சோதனை செய்து அளவை வையுங்கள்.

அருகில் பளீரென்று இருக்கிறது, தூரம் தெரியவில்லை

வெளிச்சம் குறைவதல்ல இங்கே சிக்கல். தவறான இடத்தில் விழுவதே சிக்கல். வண்டிக்கு முன்னால் 10 மீட்டருக்குள் சாலை மிகவும் வெளுத்துத் தெரிந்தால், கண்மணி சுருங்கி, தொலைவில் இருப்பது இன்னும் இருட்டாகத் தோன்றும். ஓட்டுநருக்கோ புது விளக்கு அருமையாக இருப்பதுபோல் ஓர் உணர்வு வரும். அதை நம்ப வேண்டாம். ஆளில்லாத நேரான சாலையில் வண்டியை நிறுத்தி, எந்த மைல்கல் அல்லது எந்த மரம் வரை டிம்மில் பிரித்தறிய முடிகிறது என்று ஹாலஜனிலும் எல்இடியிலும் ஒப்பிடுங்கள். எல்இடி தோற்றால், சுழற்சியைச் சரிபாருங்கள். அதன் பிறகும் தோற்றால் அந்தப் பல்பின் சிப் உங்கள் ரிஃப்ளெக்டருக்கு ஒத்துவரவில்லை.

பத்து நிமிடம் நன்றாக எரிந்து, பிறகு மங்குகிறது

ஹாலஜன் தன் வெப்பத்தில் பெரும்பகுதியைக் கண்ணாடி வழியாக முன்னால் வீசிவிடும். எல்இடியின் வெப்பமோ சிப்புக்குப் பின்னால், உலோக உடல் வழியாக, எஞ்சின் பக்கம் வர வேண்டும். அங்கே வெப்பம் வெளியேற வழியில்லை என்றால், டிரைவர் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தைக் குறைக்கும். காக்கத் தெரியாத மலிவான டிரைவர் கருகும்.

சோதனை இது: மாலையில் வண்டியைச் சுவர் முன் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பானட்டை மூடி, விளக்கைப் போட்டதும் கிளாம்ப் மீட்டரில் டிசி ஆம்பியரைக் குறியுங்கள். 20 நிமிடம் கழித்து மீண்டும் குறியுங்கள். 2.0 என்றிருந்தது 1.3 ஆகியிருந்தால் வெளிச்சமும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. பின்னாலுள்ள விசிறி சுழல்கிறதா என்று காது வைத்துக் கேளுங்கள். மண்பாதை வண்டிகளில் விசிறியில் புழுதி அடைந்து நின்றுவிடுவது மிகவும் சாதாரணம். மென்மையான பிரஷால் துடையுங்கள், கம்ப்ரசர் காற்றை நேராக அடித்து விசிறியை வெறிபிடித்தாற்போல் சுழலவிட வேண்டாம். புழுதியில் எந்நேரமும் ஓடும் வண்டிக்கு விசிறி இல்லாத, பின்னிய செம்புப் பட்டைகளால் வெப்பம் கடத்தும் வகை பொருத்தமானது. ஆனால் அந்தப் பட்டைகள் ரப்பர் மூடிக்குள் மடங்கிக் கிடந்தால் பயனில்லை. விரிந்து காற்றில் இருக்க வேண்டும்.

மழையிலும் பனிமூட்டத்திலும் சாலையே தெரியவில்லை

வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஏறுபவர்கள் இதைச் சொல்வதுண்டு. 6,000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) அல்லது அதற்கு மேற்பட்ட நீலம் கலந்த வெள்ளை ஒளி, ஹாலஜனின் 3,200 கெல்வின் அளவுள்ள மஞ்சள் ஒளியைவிடக் கூசுவதாகக் கண்ணுக்குத் தோன்றும். ஆனால் முக்கியக் காரணம் நிறமல்ல, மேலே சிதறும் ஒளி. சிதறிய ஒளி பனித்துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி, முன்னால் வெள்ளைத் திரை கட்டும். எனவே சுவர்ச் சோதனையில் கோட்டுக்கு மேலே வெளிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் பிறகு, மலைக்குப் போகும் வண்டி என்றால் 4,300 கெல்வின் அளவுள்ள பல்பைத் தேர்ந்தெடுங்கள். பனிமூட்டத்தில் பிரைட் எப்போதும் கூடாது. பம்பரில் தாழ்வாக இருக்கும் ஃபாக் லைட்டை ஹாலஜனாகவே விட்டுவைப்பதில் ஒரு குறையும் இல்லை.

கண்ணாடிக்குள் நீராவி

விசிறிக்கு இடம் வேண்டும் என்று ரப்பர் மூடியைக் கத்தியால் அறுத்தால் இதுதான் நடக்கும். வாட்டர் சர்வீசில் பீய்ச்சும் நீரும் சாலைப் புழுதியும் அந்த வழியே உள்ளே போகும். ஹாலஜன் தன் வெப்பத்தால் கண்ணாடியை உலர்த்தியதுபோல் எல்இடி உலர்த்தாது. பல்பையும் மூடியையும் கழற்றி, விளக்கை வெயிலில் உலர்த்தி, எல்இடிக்கு ஏற்ற துளையும் ஆழமும் உள்ள புதிய ரப்பர் மூடியைப் போடுங்கள். விளக்கின் அடியிலுள்ள காற்றுக் குழாயைச் சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டாம். ஈரம் வெளியேறும் வழி அதுதான்.

விளக்கைப் போட்டால் ரேடியோவில் இரைச்சல்

எல்இடி டிரைவரின் அதிவேகச் சுவிட்சிங் எஃப்எம் அலைவரிசையில் கலக்கிறது. ஒவ்வொரு பக்கமாகக் கப்ளரைக் கழற்றி, எந்தப் பல்பு காரணம் என்று பாருங்கள். டிரைவர் பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டி, ஒயர்களை முறுக்கி, ஆன்டெனா ஒயரிலிருந்து விலக்கிக் கட்டினால் பெரும்பாலும் குறையும்.

பல்பு பழுது என்று டேஷ்போர்டு மீட்டர் எச்சரிக்கிறது

வண்டியின் கணினி 5 ஆம்பியரை எதிர்பார்த்து 2 ஆம்பியரைக் காண்கிறது. எதிர்பார்க்கும் மின்சாரத்தைப் போலியாகச் செலவழிக்க 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைப்பார்கள். 14 வோல்ட்டில் அது 32 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உமிழும். அதை ஒயர்க் கட்டோடு சேர்த்து டேப் சுற்றினால் ஒயர் உருகும்; தகட்டில் திருகி, எந்த ஒயரும் தொடாதபடி வைக்க வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்இடி போட்டு, மிச்சமானதை வெப்பமாக வீணாக்குவது எனக்கு உடன்பாடில்லை. டிகோடர் பெட்டியால் தீராவிட்டால் மட்டுமே இந்த வழிக்குப் போங்கள்.

மாதத்துக்கு ஒரு பல்பு செத்துப்போகிறது

எஞ்சினை வேகப்படுத்தி, பேட்டரியில் வோல்ட்டேஜைப் பாருங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் பழுது. பேட்டரியும் கொதித்து அதன் நீர் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை பல்பு மாற்றினாலும் சாகும். வோல்ட்டேஜ் சரியாக இருந்தால், மேலே சொன்ன வெப்பச் சோதனைக்குத் திரும்புங்கள்.

எல்லாம் செய்த பிறகும் கூசுகிறது

அப்படியானால் அந்த ரிஃப்ளெக்டருக்கு எல்இடி பல்பு பொருந்தாது. ஒயரிங்கைச் சீர்செய்து, ரிலே வைத்து, தரமான 60/55 வாட் ஹாலஜனைப் போட்டால், அந்த விளக்கு எந்த அளவுக்கு வடிவமைக்கப்பட்டதோ அந்த அளவு வெளிச்சத்தைத் தரும். முன்பு இருந்த ஹாலஜனோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய மாற்றமாக இருக்கும். மஹிந்திராவின் பழைய மேஜர், கமாண்டர், முந்தைய தார் போன்ற 7 அங்குல வட்ட விளக்கு வண்டிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு: எல்இடிக்காகவே வார்க்கப்பட்ட லென்சும் ரிஃப்ளெக்டரும் கொண்ட முழு விளக்கைப் பழைய விளக்கின் இடத்தில் மாட்டலாம், பெரும்பாலும் எச்4 கப்ளரிலேயே அது செருகிக்கொள்ளும். வாங்கும்போது இடப்பக்கப் போக்குவரத்துக்கானதா என்று பாருங்கள். கோடு வலதுபக்கம் மேலேறினால் அது வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. நம் சாலையில் எதிரே வருபவரின் கண்ணைத்தான் அது தேடிப் போகும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே எஃப்சிக்குப் போகும் வண்டியாக இருந்தால், கழற்றிய ஹாலஜன் பல்புகளையும் ரப்பர் மூடிகளையும் பெட்டியில் போட்டு வண்டியிலேயே வைத்திருங்கள். நடுவழியில் எல்இடி நின்றுபோனாலும் அவை ஐந்து நிமிடத்தில் உதவும்.